முழங்காலைப் பார்த்தேன், ஆளைக் கேட்கவில்லை

போன கிழமை நீங்கள் போட்ட காயப்பட்டியலைப் பார்த்தேன். ஏழு பெயர். ஏழு பேருக்கும் எங்கே காயம், எத்தனை நாளில் குணமாகும் என்று வைத்தியர் மாதிரி எழுதியிருந்தீர்கள். யாரிடம் கேட்டீர்கள் என்று தொலைபேசியில் விசாரித்தேன். "வட்சப்பிலை வந்தது அன்ரி" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தேநீர் குடித்துவிட்டு யோசித்தபோது, உங்களைத் திட்டுவதற்கு எனக்கு அவ்வளவு தகுதி இல்லை என்று விளங்கியது. அதனால் திட்டுவதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கிற உங்கள் மூவரில் ஒருவருக்கு என்னைத் தெரியாது. பாரிஸின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் வியாழக்கிழமைதோறும் கடை வாசல்களில் அடுக்கி வைக்கப்படுகிற நம்முடைய பத்திரிகையில் பதினேழு வருடம் விளையாட்டுப் பக்கம் செய்தவள் நான். முதல் இரண்டு வருடமும் மைதானத்துக்குப் போனால், "அக்கா, ஓவ்சைட் எண்டா என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மன்னாரில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? எங்கள் ஊரில் உதைபந்தாட்டம் பார்க்காமல் வளர்வதுதான் கஷ்டம். மூன்றாவது வருடம் அதே ஆட்கள், "அக்கா, இந்த முறை ஆர் வெல்லும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தைக் கொடுத்தது. இந்தக் கதை அந்தத் தலைக்கனத்தைப் பற்றியதுதான்.

2011ஆம் ஆண்டு கோடைக்காலம். பழைய மாணவர் சங்கங்களின் சுற்றுப்போட்டி. இறுதிக்கு வந்த இரண்டு கல்லூரிகளும் யாழ்ப்பாணத்தில் அப்பாக்கள் காலத்திலிருந்தே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றவை. பெயர் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். ஒன்றைக் கடலோரக் கல்லூரி என்றும் மற்றதைச் சந்திக் கல்லூரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு வந்து இருபது வருடமாகியும் இந்த இரண்டு பகுதியும் ஒரே கலியாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கமாட்டார்கள்.

அந்த வருடம் அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். கடலோரக் கல்லூரி இருந்த பிரிவில் நெடுங்காலம் இங்கே குடியிருப்பவர்களின் அணிகள்தான் அதிகம். முப்பத்தைந்து வயது, முன்னுக்குத் தள்ளிய தொந்தி, பந்து தங்களைத் தேடி வரட்டும் என்று நிற்கிற ஆட்கள். அவர்களைக் கடலோரக் கல்லூரி ஐந்து, ஆறு கோல் என்று அடித்து நொறுக்கியது. சந்திக் கல்லூரி அகப்பட்டது மற்றப் பிரிவில். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த இளைஞர்கள் நிறைந்த அணிகளோடு மோதி, இரண்டு தோல்வியோடு தட்டுத் தடுமாறி இறுதிக்கு வந்தது. ஊர் முழுக்கக் கடலோரம்தான் வெல்லும் என்றது. நான் மட்டும் இல்லை என்றேன். லேசான பிரிவில் வாங்கிய வெற்றி வெறும் காற்று, கடினமான பிரிவில் வாங்கிய அடி ஒரு பயிற்சி என்று எழுதினேன். அதற்கு மேல் கடலோரத்தின் கோல்காப்பாளருக்குத் தோள்மூட்டு விலகியிருந்தது, அணித்தலைவருக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது.

ஆனால் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியின் பெயர் சுதன். (இந்தப் பெயர் நான் வைத்தது. கதையை எழுதச் சம்மதித்தவன், பெயரை மாற்றச் சொன்னான்.) இருபத்துமூன்று வயது, வன்னியிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பாரிஸுக்கு வெளியே பொண்டியில் கடலோரச் சங்கத்துச் செயலாளர் வீட்டில் ஓர் அறையில் இருந்தான். சுற்றுப்போட்டியில் ஒரு ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. ஆனால் பயிற்சியில் அவனைப் பார்த்தவர்கள், பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றார்கள். இறுதிக்கு மட்டும் அவனை இறக்கப்போகிறார்கள் என்று ஒரு கதை. முழங்காலில் ஷெல் தெறித்த இரும்புத்துண்டு இருக்கிறது, அவனால் ஏலாது என்று இன்னொரு கதை. இரண்டையும் பரப்பியது கடலோரக்காரர்தான் என்பது என் சந்தேகம்.

சங்கங்கள் காயத்தைப் பற்றிப் பொய் சொல்லும். அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். லா சப்பல் மெற்றோ நிலையம் தெருவுக்கு மேலே இருக்கிறது. ஏறவும் இறங்கவும் படிதான். அங்கே நின்று ஆளைப் பார்த்தால் முழங்கால் எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். அந்தக் கிழமை சுதனை மூன்று தடவை அப்படிப் பார்த்தேன். இரண்டு தரம் கைபிடியைத் தொடாமல் இறங்கினான். மழை பெய்த நாளில் மட்டும் ஒவ்வொரு படியாக வந்தான். வெயில் என்றால் விளையாடுவான், மழை என்றால் மாட்டான் என்று குறித்துக்கொண்டேன். என்னைப்போல் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மிச்சமிருந்தது ஒரு தகராறு. கல்லூரியில் படித்தவன்தான் அந்தக் கல்லூரிக்கு விளையாடலாம் என்பது சுற்றுப்போட்டியின் சட்டம். விடுகைப் பத்திரம் காட்டவேண்டும். யுத்தத்தில் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்காக ஒரு வழக்கம் இருந்தது. கூடப்படித்த இரண்டு பேர் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தால் போதும். சுதன் அங்கே படித்தவனே இல்லை என்று சந்திக் கல்லூரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கடலோரச் செயலாளர் என்னை அழைத்து, அந்தக் கடிதத்தின் பிரதியைக் கையில் தந்தார். 2005 முதல் 2008 வரை சுதன் எங்களோடு படித்தார், 2007இல் கல்லூரியின் முதல் அணியில் விளையாடினார் என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்து. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், நல்ல மனிதர்கள். கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் அப்படியே எழுதினேன். முழங்காலில் இரும்புத்துண்டு உண்டு, ஆனால் வெயில் அடித்தால் விளையாடுவார், அவர் 2007இல் கல்லூரியின் முன்வரிசை வீரர், ஆகவே தகராறு முடிந்தது. புதன்கிழமை அச்சு. வியாழன் காலையில் கட்டுகள் கடைகளுக்குப் போயின.

பதினொரு மணிபோல் சுதன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். கையில் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தான். நானும் சந்தோஷமாக, "வாரும், முழங்கால் எப்பிடி?" என்று கேட்டேன். அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"முழங்காலை விடுங்கோ அக்கா. நான் அந்தக் கல்லூரி வாசலையே கண்டதில்லை" என்றான்.

"கடிதம் இருக்குதே?"

"கடிதம் குடுத்ததே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். விருந்தாளியா ஒரு மட்ச் விளையாடலாம் எண்டுதான் செக்ரட்டரி அண்ணை சொன்னவர். ரெண்டாயிரத்து ஏழிலை நான் கிளிநொச்சியிலை. பாதை பூட்டிக் கிடந்தது. ஆர் போறது, ஆர் வாறது?"

வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

அவன் பேச்சை நிறுத்தவில்லை. "வாற செவ்வாய்க்கிழமை எனக்கு அகதி வழக்கு விசாரணை அக்கா. இதுதான் கடைசி. முதல் தரம் என்னை ஏன் தள்ளினவை தெரியுமோ? கடைசிச் சண்டை நேரம் நான் வன்னியிலை இருந்ததை அவை நம்பேல்லை. நான் வன்னியை விட்டு ஒருநாளும் வெளிக்கிடேல்லை எண்டுதான் அப்பீல் போட்டிருக்கிறன். இப்ப நீங்கள் என்னை யாழ்ப்பாணத்திலை பந்தடிக்க விட்டிருக்கிறியள்."

தமிழ்ப் பத்திரிகையை நீதிபதி வாசிக்கவா போகிறார் என்று கேட்டேன். கேட்டபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"தலைமயிர் வெட்டுற கடையிலை சந்திக் கல்லூரி ஆக்கள் கதைச்சுக்கொண்டு இருந்தவை. இதை மொழிபெயர்த்து நீதிபதிக்கு அனுப்பிவிட்டா ஆள் மைதானத்திலையும் இல்லை, பாரிஸிலையும் இல்லை எண்டு. பகிடியாத்தான் சொன்னவை. ஆனா நான் அப்பிடியே எழும்பி இங்கை வந்திட்டன் அக்கா."

மேசையில் இருந்த கடிதப் பிரதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து வைத்த இரண்டு பேரில் ஒருவருடைய மகளின் ஞானஸ்நானத்துக்கு நான் போயிருக்கிறேன். இங்கேதான், பாரிஸில். 2004இல். அந்த மனிதர் 2005இல் யாழ்ப்பாணத்தில் யாரோடு படித்தாராம்? கையெழுத்தைப் பார்த்தேனே தவிர ஆண்டைப் பார்க்கவில்லை.

முதலில் செய்தது முட்டாள்தனம். பத்திரிகைகளைத் திரும்ப எடுக்க ஓடினேன். லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் முதல் கடைக்குள் போய்க் கட்டைத் தூக்கினேன். கடைக்காரர், "ஏன் அக்கா திருப்பி எடுக்கிறியள், ஏதும் பெரிய விசயமோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிரதியை உருவி எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நாலாவது கடைக்கு நான் போய்ச் சேருமுன்னே, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். எங்கள் ஆசிரியர் தொலைபேசியில் கத்தினார். "எரியிற நெருப்பிலை எண்ணெய் ஊத்தாதையும். பேசாமல் அலுவலகத்துக்கு வாரும்." அந்த மனிதரிடம்தான் நான் தொழில் பழகினேன். அவர் குரலை உயர்த்தி அதற்கு முன்பு கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுதனுடைய வழக்கறிஞரிடம் போனேன். பிரெஞ்சுப் பெண், சிரிக்காத முகம். இரண்டு விடயம் வேண்டும் என்றார். நான் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று, எல்லோரும் அறிய ஒரு திருத்தம் ஒன்று. எங்களுடைய அடுத்த இதழ் விசாரணைக்குப் பிறகுதான் வரும் என்றேன். "அப்படியானால் வேறு வழி பாருங்கள். எப்போது திருத்தினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்" என்றார். முழங்காலில் இரும்புத்துண்டு இருப்பதை நான் எழுதியிருக்கிறேனே, அவன் சண்டைக்குள் இருந்ததற்கு அது சாட்சியாக உதவாதா என்று கேட்டேன். "ஒரே பக்கத்தில் ஒன்றைப் பொய் என்றும் மற்றதை உண்மை என்றும் நான் எப்படிச் சொல்வது?" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரேயொரு நல்ல வரியையும் நானே பாழாக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்துக்கு மைதானத்தில் ஊரே கூடும். ஒலிபெருக்கியில் திருத்தத்தை வாசிப்பது என்று முடிவெடுத்தேன். அதைச் சொன்னால் சுதன் விளையாட முடியாது. அவனுக்கு இடம் கொடுத்த வீடும் சும்மா இருக்காது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே பொண்டிக்கு, செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

செயலாளர் முதலில் சத்தம் போட்டார். தலைவருக்குக் கணுக்கால் இல்லை, கோல்காப்பாளருக்குத் தோள் இல்லை, இவனையும் எடுத்தால் நாங்கள் எதை வைத்து விளையாடுவது என்று கேட்டார். பிறகு கதிரையில் இருந்து குரலைத் தணித்து ஒரு யோசனை சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை பெடியன் விளையாடட்டும். திங்கட்கிழமை நீங்கள் விரும்பினதை எழுதுங்கோ. கடிதம் பொய் எண்டு நானே கையெழுத்து வைச்சுத் தாறன். செவ்வாய்க்கிழமைக்கு முதல் எல்லாம் சரி. ஆருக்கும் நட்டம் இல்லை."

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், என் நாக்கு நுனியில் சம்மதம் நின்றது. அவருடைய கையெழுத்து என்னுடைய கடிதத்தைவிடப் பெறுமதி. ஆசிரியரை வெளியே போய் அழைத்தேன். "நல்ல யோசனை, பிடியும்" என்றார் அவரும். இரண்டு பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள், எனக்கும் தலையிடி குறைந்துவிடும். உள்ளே வந்தேன். சுதன் சுவரோடு நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் நாங்கள் அவனைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன்.

செயலாளரின் மனைவி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டா.

"விளையாட ஆசைதான் அக்கா. ரெண்டு வருசமா ஒரு மட்ச் விளையாடேல்லை" என்றான். "ஆனா அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு இறங்கினா, அந்தக் கடிதத்திலை மூண்டாவது கையெழுத்து என்ரை. பிறகு நீதிபதி கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? அண்ணை, நீங்கள் இடம் தந்தனீங்கள், சாப்பாடு தந்தனீங்கள். மறக்கமாட்டன். இதை மட்டும் என்னட்டைக் கேளாதேங்கோ."

செயலாளர் எழுந்து உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமைக் கையெழுத்தும் அவரோடு உள்ளே போய்விட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியை வாங்கினேன். சுதன் சாதாரண உடுப்போடு என் பக்கத்தில் வந்து நின்றான். வரச்சொல்லி நான் கேட்கவில்லை. தமிழில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை வாசித்தேன். சுதன் இந்தக் கல்லூரியில் படித்தவர் அல்ல. 2007இல் அவர் யாழ்ப்பாணத்தில் இருக்கவும் இல்லை. வியாழக்கிழமை நான் எழுதியது பொய். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். பிழை அவருடையது அல்ல, என்னுடையது. ஒரு பக்கம் விசிலடித்தார்கள், மறுபக்கம் தூஷணம் பறந்தது. "ஆம்பிளையளின்ரை விளையாட்டிலை இவவுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கத்தினார். பாதி குடித்த சோடாப் போத்தல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நான் வாசிப்பை நிறுத்தவில்லை.

கடலோரக் கல்லூரி நாலு கோலால் தோற்றது. பிரிவுகளின் பலத்தைப் பற்றி நான் எழுதிய கணிப்பு எழுத்துக்கு எழுத்துச் சரி. வாழ்க்கையில் சரியாகச் சொன்ன எந்தக் கணிப்பும் எனக்கு அவ்வளவு கசந்ததில்லை. அன்று பின்னேரம் சுதன் தன் பையை எடுத்துக்கொண்டு, ரூ பிலிப்-து-ஜிராரில் நாலு பேர் இருந்த அறைக்கு ஐந்தாவது ஆளாகப் போனான்.

செவ்வாய்க்கிழமை விசாரணை மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தேன். எவராவது பத்திரிகையை அனுப்பிவிடுவார் என்ற பயம் வீண்போகவில்லை. நீதிபதியின் கோப்பில் எங்கள் விளையாட்டுப் பக்கம் இருந்தது, பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. அனுப்பியவர் பெயர் இல்லை. நீதிபதி அதைத் தூக்கிக் காட்டியபோது சுதனுடைய முதுகு விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வழக்கறிஞர் என் கடிதத்தைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையே எல்லோர் முன்னிலையிலும் திருத்தம் சொல்லப்பட்டது, சொன்னவர் இங்கே இருக்கிறார், திருத்தத்தால் இவர் ஆட்டத்தையும் இருப்பிடத்தையும் இழந்தார் என்றார். நீதிபதி கடிதத்தை முடிவுவரை வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைத் தேடினார். நான் எழுந்தேன்.

"அம்மா, இந்த இளைஞரை எழுதுவதற்கு முன்பு பார்த்திருக்கிறீர்களா?"

"மூன்று தடவை, ஐயா."

"எங்கே?"

"மெற்றோப் படிக்கட்டில். முழங்காலைப் பார்த்தேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"எங்கே படித்தார் என்று அவரிடம் கேட்டீர்களா?"

"இல்லை, ஐயா."

"ஏன்?"

பதினேழு வருடத் தொழிலில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கடிதம் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். நேரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தேவையில்லை என்று நினைத்தேன்" என்றேன். அதுதான் உண்மை. நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். என்னை இருக்கச் சொல்லிவிட்டுச் சுதனிடம் திரும்பி, "அப்படியானால் நான் கேட்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம்? நடந்து போவீர்களா, சைக்கிளிலா? வழியில் என்ன இருந்தது?" என்று ஆரம்பித்தார். சுதன் சொல்லிக்கொண்டே போனான். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் அவனை மெதுவாகப் பேசச் சொன்னார். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவனிடம் பாரிஸில் அதுவரை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளே, ஒருவரைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். செயலாளரிடம் கேட்பது, பயிற்சியாளரிடம் கேட்பது, கடிதம் வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. அவர் பொய் சொல்லலாம். சொல்லட்டும், அதையும் கண்டுபிடிப்பது நம்முடைய வேலை. ஆனால் கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் துணிச்சலாக நின்றேன் என்று சிலர் சொல்வார்கள். புதன்கிழமைக்கு முன்பு ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் துணிச்சலுக்குத் தேவையே வந்திருக்காது.

முடிவு வர மூன்று கிழமைக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் தொலைபேசியை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். ஒரு காலைப்பொழுது, நான் அடுத்த இதழுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது சுதன் அழைத்தான்.

"அக்கா, கிடைச்சிட்டுது."

அழுதுகொண்டே, "சந்தோசம், சந்தோசம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனும் அழுதான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, மனம் நோகாத மாதிரிக் கேட்டான்.

"அக்கா, பேப்பரிலை மட்டும் போட்டிடாதேங்கோ, என்ன?"